நம் மூவருக்கும் தெரிந்திருந்தது

அருள்,

மும்பையில் அறை கிடைத்துவிட்டது, பக்கத்திலேயே மெஸ் இருக்கிறது, ஆபீசுக்கு நடந்தே போய்விடலாம் என்று நீ அனுப்பியதைப் பார்த்தேன். "சரி" என்று பதில் போட்டேன். போட்ட பிறகு அந்தச் "சரி"யைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். உன் அப்பா போனதிலிருந்து நாம் இருவரும் இப்படித்தான் பேசிக்கொள்கிறோம். சாப்பிட்டியா, சாப்பிட்டேன். மழை வந்துச்சா, வந்துச்சு. ஒரே வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்ட மாதங்களிலும் இதற்கு மேல் பேசவில்லை. உனக்கு என் மேல் கோபம் என்று நான் நினைக்கவில்லை. எனக்கும் உன் மேல் கோபம் இல்லை. எனக்கு எதுவுமே இல்லை என்று சொன்னால்தான் சரியாக இருக்கும். பல் பிடுங்குவதற்கு ஊசி போட்டால் கன்னத்தைத் தொடும்போது வேறு யாருடையதையோ தொடுவது போல இருக்குமே, அப்படித்தான் இருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் வைத்து நீ என்னிடம் ஒன்று சொன்னாய். அதற்கு நான் பதிலே சொல்லவில்லை. அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. இதை யாருக்கு வேண்டுமானாலும் படிக்கக் கொடு. உன்னோடு இந்தப் படிப்பைப் படித்த பிள்ளைகளின் வீடுகளிலும் என்னைப் போல ஓர் அம்மா இருப்பாள்.

தருமபுரிக் கல்லூரியில் கணக்கு முடித்ததும் நீ பி.எட். படித்து எங்காவது வாத்தியாராகப் போவாய் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நீ வந்து ஆக்சுவேரியல் சயின்ஸ் என்றாய். சென்னையில் இரண்டு வருஷம் எம்.எஸ்சி. என்றாய். அதோடு தனியாகப் பேப்பர் பேப்பராகப் பரீட்சை எழுத வேண்டும், வேலைக்குப் போன பிறகும் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும், எல்லாம் முடிக்கப் பல வருஷம் ஆகும் என்றாய். அந்தப் பெயரை அப்பா உன்னைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார். அப்படியும் அவர் வாயில் நுழையவில்லை. "இன்சூரன்சு கணக்கு" என்று தானே ஒரு பெயர் வைத்துக்கொண்டார். பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டில் லோடு ஏற்றுகிறவர்களிடமெல்லாம் அதைச் சொன்னார். "அப்ப தம்பி ஏஜெண்டுங்களா? எனக்கும் ஒரு பாலிசி போடச் சொல்லுங்க" என்று அவர்கள் கேட்டால் அவருக்கு முகம் சிவந்துவிடும். "ஏஜெண்டு இல்லீங்க. ஏஜெண்டு வாங்கற பணம் எவ்ளோன்னு முடிவு பண்றவன்" என்பார். அதைச் சொல்லும்போது கையை மேலே தூக்கிக் காட்டுவார், ஏதோ மாடியில் உட்கார்ந்து நீ முடிவு பண்ணுகிற மாதிரி.

நீ முதல் தடவை விடுமுறைக்கு வந்திருந்தபோது சாப்பாட்டில் உட்கார்ந்து உன்னை மடக்கினார். "அதுல என்னதான்டா சொல்லித் தராங்க? மனுசன் எப்ப சாவான்னு கண்டுபிடிக்கிறதா?" என்று கேட்டார். நீ சிரித்துக்கொண்டே, "நீங்க ஓசூருக்குத் தக்காளிப் பெட்டி ஏத்திக்கிட்டுப் போறீங்கல்ல. போயி சேர்றதுக்குள்ள கொஞ்சம் நசுங்கிடும்தானேப்பா. எந்தப் பெட்டி நசுங்கும்னு முன்னாடியே சொல்லுவீங்களா?" என்றாய். "அது எப்படிச் சொல்றது" என்றார். "எவ்ளோ நசுங்கும்னு?" "அது தெரியும். குத்துமதிப்பா சொல்லிடலாம்." "அவ்ளோதாம்பா. எந்த ஆளுன்னு எங்களுக்குத் தெரியாது. இத்தனை பேர்ல எவ்ளோ பேருன்னு தெரியும். அத வெச்சி ஆயுள் காப்பீடு, வண்டிக் காப்பீடு, ஆஸ்பத்திரிக் காப்பீடு, பென்ஷன், எல்லாத்துக்கும் வெல வெக்கலாம்." அப்பா சோற்றைப் பிசைந்தபடியே யோசித்தார். பிறகு, "இது எனக்கே தெரியுமே. இதுக்காடா மெட்ராசு போயி படிக்கற?" என்றார். நாம் மூன்று பேரும் அப்படிச் சிரித்தது எனக்கு நினைவு இருக்கிறது. சிரித்தோம் என்பது நினைவு இருக்கிறது. எப்படி இருந்தது என்பது இல்லை.

முதல் பேப்பரில் நீ தோற்றுவிட்டுப் போன் செய்தாய். உன் வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் போய்விட்டது, இந்தப் பரீட்சை அப்படித்தான் என்றாய். என்னிடம்தான் சொன்னாய், அப்பாவிடம் சொல்லப் பயந்தாய். நான் சொன்னபோது அவருக்கு அது பெரிதாகவே படவில்லை. "லோடு கவுந்தா மறுபடி ஏத்தறதில்லையா, எழுதச் சொல்லு" என்றார், அவ்வளவுதான். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், இன்னும் உனக்குப் பேப்பர்கள் பாக்கி இருக்கின்றன. பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு வந்து படிக்க வேண்டும். தோற்பாய். தோற்றால் என்னிடம் சொல். நான் ஒன்றும் பெரிதாகச் சொல்லப் போவதில்லை. ஆனாலும் சொல்.

அன்றைக்குப் புதன்கிழமை. புதன்கிழமை தடுப்பூசி நாள் என்று உனக்குத் தெரியும். நர்சம்மா மகனாக வளர்ந்தவன் நீ. மாரண்டஹள்ளிக்கு அந்தப் பக்கம் ஓர் அங்கன்வாடியில் இருந்தேன். ஒரு குழந்தைக்குச் சொட்டு மருந்து விட வாயைத் திறந்து பிடித்திருந்தபோது போன் அடித்தது. அங்கன்வாடி டீச்சர் எடுத்துக் கேட்டுவிட்டு, "உங்க வீட்டு அண்ணனுக்கு மார்க்கெட்ல தலை சுத்துதாம் சிஸ்டர், உக்காந்திருக்காராம்" என்றாள். நான் சொட்டு மருந்தை விட்டேன். அடுத்து ஊசியையும் போட்டேன். ஊசி போட்ட இடம் வீங்கினால் பயப்படாதே என்று குழந்தையின் அம்மாவிடம் சொன்னேன். பிறகுதான் எழுந்தேன். அவர் வண்டியை நிறுத்திவிட்டு ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கேஸ் என்று சொல்லி சோடா வாங்கிக் குடித்திருக்கிறார். சுற்றி இருந்தவர்களும் கேஸ்தான் என்றிருக்கிறார்கள். வேர்வை நிற்கவில்லை என்றதும் பயந்து வண்டி பிடித்திருக்கிறார்கள். தருமபுரி போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது அவர் சட்டையில் தக்காளிச் சாறு காய்ந்திருந்தது. நான் அதை ரத்தம் என்று நினைத்து, எங்கே அடிபட்டது என்று தேடினேன். அன்றைக்கு நான் அழவில்லை. அதற்குப் பிறகும் இல்லை. நீ சென்னையிலிருந்து வந்து இறங்கினாய், நீயும் அழவில்லை. கல்லறைத் தோட்டத்தில் பங்குச் சாமியார் செபம் சொல்லி முடித்ததும் ஆளுக்கு ஒரு கைப்பிடி மண் போட்டோம். அதற்கு அடுத்த வாரம் உனக்குப் பரீட்சை இருந்தது. நீ போகவில்லை. நான் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தோம். உன் அத்தை, உன் அப்பாவுடைய ஒரே தங்கை, இலைக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிடாமல் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீ சாம்பார் வாளியோடு வந்தாய். "ஏஞ்சாமி, எந்த மனுசன் எத்தன வருசம் இருப்பான்னு கணக்குப் போடறதுதானே உன் படிப்பு? ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரே எங்கண்ணன். உங்கப்பனுக்குப் போட்டுப் பாக்கலியா நீயி?" என்று கேட்டாள். நீ வாளியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டாய். அவள் உன்னைக் குத்திக் காட்டவில்லை, அருள். அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. கேட்டுவிட்டு, ஏன் எழுந்து போகிறான் என்று என்னையே பார்த்தாள். அத்தையிடம் மனத்தாங்கல் வைத்துக்கொள்ளாதே. போனவர் அவளுக்கு அண்ணன்.

அதற்குப் பிறகு நீ அப்பாவின் பிக்கப் வண்டியை எடுத்தாய். பெட்டி ஏற்றிக்கொண்டு ஓசூர் போனாய், வந்தாய். உன் புத்தகங்கள் சென்னையிலிருந்து கொண்டுவந்த பையிலேயே கிடந்தன. உன்னோடு படித்தவர்கள் போன் செய்தால் எடுக்கவில்லை. அக்கம்பக்கத்தார் உன்னை மெச்சினார்கள். "அப்பா எடத்துல நின்னுட்டான்ங்க உங்க பையன்" என்று என்னிடம் சொன்னார்கள். நான் தலையாட்டினேன். நான் வேலைக்குப் போனேன், வந்தேன், உலை வைத்தேன். குழம்பில் உப்பு இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. நீயும் எதுவும் சொல்லாமல் சாப்பிட்டாய். ஒரு நாள் இரண்டு பேருமே உப்பில்லாத குழம்பைச் சாப்பிட்டு எழுந்தோம் என்று மறுநாள் அத்தை வந்து அந்தக் குழம்பை வாயில் வைத்தபோதுதான் தெரிந்தது.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. கோயிலிலிருந்து வந்து நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். நீ சமையலறை வாசற்படியில் வந்து உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாய். "அம்மா, அத்தை கேட்டாங்கல்ல. நான் போட்டுப் பாத்தேம்மா." கத்தியை நிறுத்தாமல் நறுக்கினேன். போன வருஷம் வகுப்பில் ஒரு பாடம், ஒருவரைக் காப்பீட்டில் சேர்க்கலாமா, கூடுதலாகக் கட்டணம் வாங்க வேண்டுமா, வேண்டாம் என்று திருப்பி அனுப்பலாமா என்று முடிவு செய்கிற பாடம் என்றாய். கற்பனையாக ஓர் ஆளை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். நீ அப்பாவை எடுத்துக்கொண்டாய், பெயரை மட்டும் மாற்றி. அவர் வயது, சர்க்கரை, பீடி, தூக்கமில்லாமல் வண்டி ஓட்டுகிற வேலை, தாத்தா எந்த வயதில் போனார் என்பது, எல்லாவற்றையும் போட்டாய். இந்த ஆளை இப்போதைக்குச் சேர்க்க வேண்டாம் என்று விடை வந்தது. "சார் வகுப்புல எழுந்து படிக்கச் சொன்னாரும்மா. நல்லா பண்ணியிருக்கேன்னாரு. எனக்கு சந்தோசமா இருந்துச்சு. அதாம்மா. எனக்கு சந்தோசமா இருந்துச்சு" என்றாய். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போன் செய்தாயாம். அப்பா எடுத்தாராம். ஏதாவது சொல்லலாம் என்று வாய் எடுத்து, "சும்மாதாம்பா பண்ணேன்" என்று வைத்துவிட்டாயாம். "தெரிஞ்சும் சும்மா இருந்துட்டேம்மா" என்றாய். நான், "அடுப்புல பருப்பு வெந்துச்சா பாரு" என்றேன். நீ எழுந்து பார்த்துவிட்டு, "வெந்துச்சு" என்றாய்.

நான் கல் நெஞ்சுக்காரியாக இருந்து அப்படிச் சொல்லவில்லை. நீ சொன்னது என் காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை. ஒரு வாரம் கழித்து ஏதோ ஒரு கர்ப்பிணியின் வீட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் அது உள்ளே போனது. இப்போது பதில் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

உனக்கு மட்டும் தெரிந்திருக்கவில்லை. எனக்கும் தெரியும். அவர் விரலில் ஊசி குத்திச் சர்க்கரை பார்த்தவள் நான்தான். அந்த மெஷினில் வந்த எண்ணை உன் வாத்தியாருக்குக் காட்டாமலே நான் விடை சொல்லியிருப்பேன். மாத்திரை வாங்கி வைத்தேன், பீடியை ஒளித்து வைத்தேன், சண்டை போட்டேன், இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். மெடிக்கல் காலேஜுக்குப் போய் இருதயத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்றால், "இந்த சீசன் முடியட்டும் சிஸ்டர்" என்பார். என்னை அவர் கிண்டலாக சிஸ்டர் என்று கூப்பிடுவது உனக்குத் தெரியும். தக்காளிக்கு விலை இருந்தால் சீசனை விட முடியாது; விலை இல்லாவிட்டால் கடனுக்காக ஓட வேண்டும். சீசன் எப்போதும் முடியவே இல்லை. அவரை இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். ஊரில் எத்தனை பேரை இழுத்துக்கொண்டு போயிருக்கிறேன். நீ ஒரு போன் காலில் சொல்லியிருந்தால் அவர் கேட்டிருப்பார் என்று நினைக்கிறாய். தினமும் பக்கத்தில் இருந்து சொன்னவள் பேச்சையே அவர் கேட்கவில்லை.

இனிமேல் சொல்வது உனக்குத் தெரியாதது. நீ சென்னையில் இருந்தாய். அவர் போவதற்கு முந்தைய கோடையில் திடீரென்று, நான் ஸ்கூட்டர் ஓட்டப் பழக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். கல்யாணமான நாளிலிருந்து என்னைக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோய் விட்டது அவர்தான். அவர் இல்லாத நாளில் பஸ். எனக்கு அதுவே போதும் என்றேன். கேட்கவில்லை. பழைய ஸ்கூட்டர் ஒன்றைத் தேடி வாங்கிக்கொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். இந்த வயதில் நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வண்டியில் உட்கார, அவர் பின்னால் பிடித்துக்கொண்டே ஓடி வந்தார். "முன்னாடி பாரு சிஸ்டர், கீழ பாக்காத!" என்று கத்தினார். நான் கோல் போஸ்ட்டில் போய் முட்டினேன். கிரிக்கெட் ஆடிய பையன்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், சிரிப்பு நிற்பதற்குள் மூச்சு வாங்கியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. நான் நாடியைப் பிடித்துப் பார்த்தேன். "எதுக்குங்க இந்த வேல நமக்கு? நீங்க இருக்கீங்கல்ல" என்றேன். அவர் என் கையிலிருந்து மணிக்கட்டை மெதுவாக விடுவித்துக்கொண்டு, "எப்பவும் இருப்பனா? எங்கப்பன் இந்த வயசுல இல்ல" என்றார். பிறகு நான் ஏதோ கேட்கப் போகிறேன் என்று தெரிந்து, "லோடு போற அன்னிக்கு நீ என்ன பண்ணுவ, அதுக்குச் சொன்னேன்" என்று எழுந்துவிட்டார். நான் லைசென்ஸ் வாங்கும்வரை அவர் விடவில்லை.

அவருக்கும் தெரிந்திருந்தது, அருள். நம் மூவருக்கும் தெரிந்திருந்தது, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல். உன் படிப்பு உனக்குச் சொன்னதை அவர் உடம்பு அவருக்குச் சொல்லியிருக்கிறது. அவர் சீசனையும் விடவில்லை, என்னையும் நடுவழியில் விடவில்லை. அது சரியா தவறா என்று எனக்குத் தெரியாது. யோசித்துப் பார்த்தால் கோபம் வர வேண்டும் என்று தோன்றுகிறது, வரவில்லை. ஆனால் நீ எழுதிய விடை அவரைக் கொல்லவில்லை. நீ சந்தோஷப்பட்டது சரியாகக் கணக்குப் போட்டதற்காக. பிள்ளைகள் அதற்குச் சந்தோஷப்படலாம். நாளைக்கு உன் வேலையில் இப்படி எத்தனையோ பேருடைய வயதும் நோயும் உன் முன்னால் வரும். பெயர் இருக்காது. ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு இருக்கிறது என்று நினைத்துக்கொள், அது போதும். அதற்காக எண்ணை மாற்றி எழுதாதே. உனக்கு நெருங்கினவர் யாருக்காவது இப்படி ஏதாவது இருப்பது தெரிந்தால் ஒரு தடவை நேராகச் சொல்லிவிடு; மறுபடியும் சொல். அவர்கள் கேட்காவிட்டால் அதை நீ சுமக்காதே. உனக்குக் கல்யாணம் ஆகும்போது அந்தப் பெண்ணிடம் அப்பாவைப் பற்றிச் சொல். எல்லாவற்றையும் சொல். நம் வீட்டில் அதைச் செய்யத் தெரியவில்லை.

நான் இதையெல்லாம் சொல்லாமலேயே நீ ஒரு நாள் புத்தகப் பையைத் திறந்தாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. வண்டியை விற்றுவிடலாம் என்றாய், சரி என்றேன். அதை வாங்கினவர் இப்போதும் நம் தெரு வழியாகத்தான் பெட்டி ஏற்றிக்கொண்டு போகிறார். அந்த ஹாரன் சத்தம் கேட்டால் நிமிர்ந்து பார்க்கிறேன், பிறகு வேலையைப் பார்க்கிறேன். நீ விட்ட பேப்பரை எழுதினாய், பாஸ் செய்தாய், பெங்களூரில் ஒன்றும் மும்பையில் ஒன்றும் வேலை வந்தது. பெங்களூர் என்றால் ரயிலேறினால் வீடு. நீ மும்பையைச் சொன்னாய். நான் சரி என்றேன். எனக்கு வலித்திருக்க வேண்டும்.

தருமபுரி ஸ்டேஷனில் உன் ரயில் தாமதம் என்றார்கள். நம் இரண்டு பேருக்கும் நடுவில் உன் பெட்டி இருந்தது. என்ன பேசுவது என்று தெரியாமல், "அங்க உனக்கு என்னடா வேல குடுத்திருக்காங்க?" என்று கேட்டேன். அதுவரை கேட்டிருக்கவே இல்லை. பென்ஷன் பிரிவு என்றாய். ரிட்டயர் ஆனவர்களுக்குக் கடைசி வரைக்கும் மாதா மாதம் கொடுக்கிற பணம், அதற்கு எவ்வளவு கையில் வைத்திருக்க வேண்டும் என்று பார்க்கிற வேலை. "அப்ப அவங்க சீக்கிரம் போயிட்டா கம்பெனிக்கு லாபமா?" என்றேன். நீ, "ஆமாம்மா. ஆயுள் காப்பீட்டுல சீக்கிரம் செத்தா நஷ்டம். இங்க தலகீழு. ஆளுங்க ரொம்ப நாள் இருந்தாதான் எங்களுக்குப் பயம்" என்றாய். "நீயே கேட்டு வாங்கினியா இந்தப் பிரிவ?" என்றேன். "ஆமா" என்றாய். பிறகு தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே, "நீயும் ரிட்டயர் ஆயி, பென்ஷன் வாங்கி, எங்கள மாதிரி ஆளுங்க போட்ட கணக்கெல்லாம் தப்புன்னு ஆக்கும்மா. நல்லா நஷ்டம் பண்ணு. எனக்கு அது போதும்" என்றாய். நான் சிரிக்க வேண்டும் என்று எதிர்பார்த்தாய். ரயில் வந்துவிட்டது. பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன். ரயில் நகர்ந்த பிறகு, சரி என்றுகூடச் சொல்லவில்லை என்று தோன்றியது.

ஊரில் எல்லாருக்கும் பிரஷர் பார்க்கிறேன். எனக்கு நான் பார்த்துக்கொண்டதே இல்லை. இன்றைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூட்டம் முடிந்ததும், புதிதாக வந்திருக்கும் நர்ஸ் செல்வியிடம் கையை நீட்டினேன். "உங்களுக்கா சிஸ்டர்?" என்றாள். எனக்குத்தான் என்றேன். பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள். கை இறுகியது தெரிந்தது. அது நன்றாகத் தெரிந்தது. பிறகு மெல்லத் தளர்ந்ததும் தெரிந்தது. கூடுதலாகத்தான் இருக்கிறது என்று செல்வி சொல்லத் தயங்கினாள். நான் எண்ணை எட்டிப் பார்த்துக்கொண்டேன். டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்கி, அங்கேயே ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் வந்தேன்.

அம்மா